இருபது கட்டு, பத்தரை மணி

அன்னைக்குக் காலையில எனக்குக் காலு தரையில பாவல. பயமா சந்தோசமான்னு கேட்டா எனக்கே தெரியாது. பத்தரை மணிக்கு விருதுநகர் கோர்ட்டுல இருக்குற சமரச மையத்துல நான் போய் உக்காந்திருக்கணும், அம்புட்டுதான் காரியம். ஆமத்தூருக்கும் விருதுநகருக்கும் என்ன பெரிய தூரம்? ஆனா ஏற்கெனவே ரெண்டு வாட்டி போகாம விட்டவ நான். மூணாவது வாட்டியும் வரலைன்னா, சமரசம் ஆகலைன்னு எழுதி பைலைத் திருப்பிக் கோர்ட்டுக்கே அனுப்பிருவோம்னு லெட்டர் வந்திருச்சு. அங்கன போனா எத்தன வருசம் இழுக்குமோ. எம்மக சினேகா யாருகிட்ட இருப்பா, யாரை எப்பப் பாப்பான்னு ஒரு முடிவும் இருக்காது. பத்து வயசுப் பிள்ளை. தீர்ப்பு வரும்போது அவளே ஓட்டுப் போடப் போயிருவா.

என் பேரு வேல்விழி. ஆமத்தூர் பக்கத்துல ஒரு பட்டாசுக் கம்பெனியில பெட்டி ஒட்டுற வேலை. எங்க வீட்டுக்காரரு முனியராஜ், சாத்தூர்ல லோடுமேன். லாரியில மூட்டை ஏத்தி, கயிறு போட்டு இறுக்கிக் கட்டுற வேலை. எட்டு மாசமா அவரு அங்க, நாங்க இங்க.

குடிகாரன்னு சொன்னா ஊருக்கு லேசாப் புரியும். அவரு குடிக்க மாட்டாரு. கை நீட்டவும் மாட்டாரு. பின்ன என்னத்துக்குத்தா பிரியுறேன்னு கேக்குறவுகளுக்கு நான் என்னன்னு சொல்ல? எனக்கும் அவருக்கும் பேச்சு சேராது. சாம்பார்ல உப்பு கூடிருச்சுன்னு ஆரம்பிச்சா, அது எங்கப்பா போட்ட மோதிரம் எம்புட்டு கனம்ங்கிறதுல போய் நிக்கும். அவரு ஒண்ணு சொன்னா நான் ஒன்பது சொல்லுவேன், மறைக்க என்ன இருக்கு. பதினோரு வருசமா வீட்டுல தினமும் தீபாவளிதான். ஒருநாள் சினேகா ரெண்டு காதுலயும் பஞ்சை வச்சுக்கிட்டு வீட்டுப்பாடம் எழுதிக்கிட்டு இருந்தா. என்னடி இதுன்னேன். "ஊரெல்லாம் வருசத்துக்கு ஒருநாளுதாம்மா வெடிக்குது"ன்னா. மறுவாரமே அவரு துணிமணிய எடுத்துக்கிட்டுச் சாத்தூருக்குப் போயிட்டாரு. பிரிஞ்சுக்கிடலாம்ங்கிற அந்த ஒரு விசயத்துல மட்டும்தான் எங்களுக்குள்ள சண்டையே வரல.

அவரு போன கையோட நான் ஒரு வக்கீலைப் போய்ப் பாத்தேன். இருபத்தஞ்சாயிரம் ஆகும்னாரு, பாதியை முன்னாடியே வைக்கணும்னாரு. காதுல கிடந்த தோட்டைக் கழட்டி முந்தானையில முடிஞ்சுக்கிட்டு அடகுக் கடைப் படியில காலை வச்சிட்டேன். பின்னாடியே வந்து என் கையப் புடிச்சு இழுத்தது குருவம்மா மதினி. அவருக்குப் பெரியம்மா மக, எனக்கு அடுத்த தெரு, கம்பெனியில எனக்குப் பக்கத்து இடம்.

"அடியே கூறுகெட்டவளே, போன மாசம் பள்ளிக்கூடத்துல சட்ட உதவி முகாம் போட்டாகளே, காதை எங்க கழட்டி வச்சிருந்த? பொம்பளைக்கு வக்கீல் சும்மாவே வச்சுத் தாராக. புருசன் பொண்டாட்டிய உக்கார வச்சுப் பேசி முடிக்கிறதுக்கும் ஆள் இருக்கு. காசு கிடையாது."

"காசு கிடையாதுன்னா அது எப்படி மதினி உருப்படும்?"

"ரேசன் அரிசியத் திங்கிறப்ப இந்த நாயம் பேசுனியா நீ?"

போனேன். சட்ட உதவி ஆபீசுல சம்பளச் சீட்டு கேப்பாக, வருமானச் சான்று கேப்பாகன்னு எல்லாத்தையும் ஒரு பையில கட்டிக்கிட்டுப் போனா, பொம்பளைக்கு வருமானம் பாக்குறதில்லம்மான்னு சொல்லிட்டாக. எனக்கு வக்கீல் வச்சுக் குடுத்தாக. அந்தம்மா மனுப் போட்டு, கோர்ட்டுல சொல்லி எங்களைச் சமரச மையத்துக்கு அனுப்பி வச்சாக. ஒத்தப் பைசா செலவில்ல. என் தோடு என் காதுலயே கிடக்கு. அன்னைக்கு ரோடுன்னு பாக்காம மதினியக் கட்டிப் புடிச்சுக்கிட்டேன்.

ஆனா ஒண்ணு. கோர்ட்டு இலவசம், என் நாளு இலவசமா? எங்க கம்பெனியில ஆவணியிலருந்து தீபாவளி வரைக்கும் ஒருநாள் விடாம வேலை செஞ்சாத்தான் சீசன் போனஸ். ஒருநாள் போச்சுன்னா மொத்தமும் போச்சு. இப்ப வாடகையும் நான் ஒருத்திதான் குடுக்கேன், அந்தப் போனஸை நம்பித்தான் ஆறு மாச வாடகை நிக்கிது. மொத வாட்டி லோடு கிளம்புற நாளுன்னு போர்மேன் விடல. ரெண்டாவது வாட்டி தேதியை முன்னால தள்ளிட்டோம், நாளைக்கே வாங்கன்னு சமரச மையத்துலருந்து போன் வந்திருக்கு. போனு எங்க? கேட்டுல. கம்பெனிக்குள்ள யாரும் போனு கொண்டு போக முடியாதே, தீப்பொறி பயம். சாயங்காலம் போனை வாங்கிப் பாத்தா நாலு மிஸ்டு கால். விடிஞ்சா எப்படி லீவு சொல்ல? அவருக்கும் சீசன்தான, அவரும் போயிருக்க மாட்டாருன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.

இந்த மூணாவது வாட்டிக்கு மதினிதான் வழி சொன்னாக. "கை குடுத்திருவோம்."

ஒண்ணா உக்காந்து ஒட்டுற எங்க செட்டுல அப்படி ஒரு பழக்கம். ஒருத்தியோட மகளுக்குச் சடங்கு, வீட்டுல கல்யாணம், இல்ல ஒரு சாவுன்னா, மத்தவுக ஒட்டுன பெட்டியில கொஞ்சத்தை அவ நம்பருக்கு எழுதிருவோம். நாங்க ஒட்டுறது காலிப் பெட்டி. வெடிமருந்து கலக்குற ரூமா இருந்தா அவசரம்ங்கிற பேச்சையே எடுக்க முடியாது. எங்களது அட்டையும் பசையும்தான். வீட்டுல வச்சு ஒட்டிக் கொண்டாந்தாலும் கணக்குல சேத்துக்கிடுவாக. நூறு பெட்டி ஒரு கட்டு. இருபது கட்டு நம்ம நம்பர்ல ஏறிருச்சுன்னா அன்னைக்கு நாள் முடிஞ்சது, வீட்டுக்குப் போனாலும் ஏன்னு கேக்க ஆளில்ல. ஆனா இருபது கட்டுங்கிறது சாயங்காலம் வரைக்கும் குனிஞ்ச தலை நிமிராமச் செய்யிற வேலை. எனக்கு ஒன்பது மணிக்குள்ள வேணும்.

போர்மேன் வேலுச்சாமி அண்ணாச்சி முந்தின நாளே குதிச்சாரு. "சடங்குக்குக் கை குடுப்பீக, கல்யாணத்துக்குக் குடுப்பீக. சேர்றதுக்குக் குடுத்துப் பாத்திருக்கேன், பிரியுறதுக்குமா குடுப்பாக? சீசன் நேரத்துல அபசகுனமா இருக்குல்ல?"

எனக்குச் சுர்ருன்னு ஏறிருச்சு. "பிரியுறது என்ன அண்ணாச்சி தீட்டா? கல்யாணத்துக்கு மூணு நாள் லீவு குடுத்தீகளே, அந்தக் கல்யாணத்தை ஒழுங்கா முடிச்சு வைக்க ஒரு நாள் கேட்டா வலிக்குதா?"

மதினி இடையில புகுந்தாக. "ஏய், நீ சும்மா இரு. வேலுச்சாமி, கூட்டிக் கழிச்சு எழுதுறது உன் வேலை. எந்தக் காரியத்துக்குக் கை குடுக்கணும்ங்கிறது எங்க வேலை. இருபது கட்டு இருந்தா எழுதுவியா மாட்டியா?"

"கட்டு சரியா இருந்தா எழுதுவேன்"னு முனகிக்கிட்டே போனாரு.

மறுநாள் ஆறரைக்கு உள்ள நுழைஞ்சேன். என் இடத்துல கட்டுகளா அடுக்கி வச்சிருந்துச்சு. மதினியோட சேத்து எங்க செட்டுல இருக்குற மத்த மூணு பேரும் ஆளுக்கு ரெண்டு கட்டு வீட்டுல வச்சு ஒட்டிக் கொண்டாந்திருந்தாக. அதுபோக மதினி இடத்துலருந்து இன்னும் எட்டு.

"எட்டா! மதினி, நீங்க ஒருத்தியா? தூங்குனீகளா இல்லையா?"

"வயசுதான் ஆச்சு, கை ஆகல. வாயைப் பாக்காம உக்காரு, இன்னும் ஆறு கட்டு நீ ஒட்டணும்."

ஒட்டுனேன் பாருங்க ஒரு ஒட்டு. அட்டையை மடி, பசையைத் தடவு, அமுக்கு, தள்ளு. மடி, தடவு, அமுக்கு, தள்ளு. ஏழரைக்கு ரெண்டு கட்டு. எட்டே காலுக்கு நாலு. ஒருத்தி எனக்கு அட்டையை எடுத்து எடுத்து நீட்டுறா, ஒருத்தி கட்டுறா, மதினி வாய்க்குள்ளயே எண்ணுறாக. வேர்வை கண்ணுல இறங்குது, தொடைக்க நேரமில்ல. எட்டு அம்பதுக்கு ஆறாவது கட்டு விழுந்துச்சு. ஹோன்னு சத்தம் போட்டோம். பக்கத்து செட்டுலருந்து எட்டிப் பாத்தாக.

போர்மேன் வந்தாரு. ஒவ்வொரு கட்டா தொட்டுத் தொட்டு எண்ணுனாரு. பதினாறு, பதினேழு. பதினெட்டாவது கட்டைச் சரியா இறுகியிருக்கான்னு பாக்க நூல் நுனியைப் புடிச்சு ஒரு இழுப்பு இழுத்தாரு. பொலபொலன்னு மொத்தக் கட்டும் அவுந்து நூறு பெட்டியும் தரையில ஓடுது.

"என்ன கட்டு இது? இதுக்கு நான் எழுத மாட்டேன்."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒண்ணா வந்துச்சு. "யாரு மதினி இப்படிக் கட்டுனது? ஒரே இழுப்புல அவுந்து போகுது! நூலைச் சுத்திக் கீழ முடிஞ்சாத்தான நிக்கும், இத்தன வருசம் வேலை பாத்து இது தெரியாதா?" வாய்க்கு வந்தபடி வஞ்சேன். மதினி எப்பவும் ஒண்ணுக்கு ரெண்டாத் திருப்பிக் குடுக்குற ஆளு. அன்னைக்கு என்னவோ "அவசரத்துல கட்டிட்டேன்த்தா"ன்னு மட்டும் சொல்லிட்டுக் குனிஞ்சு பொறுக்குனாக. நாலு பேரும் தரையில தவழ்ந்து பொறுக்கிக் கட்டி முடிக்க ஒன்பது பத்து. இருபது. என் நாற்பத்தொண்ணாம் நம்பர்ல ஏறிருச்சு, நாள் முடிஞ்சது.

"போ தாயி போ, நிக்காத"ன்னு போர்மேனே கேட்டைப் பாத்துக் கையக் காட்டுனாரு.

பஸ்ஸுக்கு ஓடுனேன். கையில ஒரு மஞ்சப் பை. பைக்குள்ள ஒரு கிப்ட் பாக்ஸ். கம்பி மத்தாப்பு, சக்கரம், புஸ்வாணம், எல்லாம் கலந்து வச்ச சின்னப் பெட்டி. சமரசம் பேசுற வக்கீலம்மாவுக்கு. எனக்கு அந்த இலவசம் உள்ளுக்குள்ள அரிச்சுக்கிட்டே இருந்துச்சு. எங்க சண்டையை நாங்களே கேட்டு முடிக்க முடியல, காசு வாங்காம ஒருத்தி உக்காந்து கேக்குறான்னா சும்மாவா? எங்க பக்கத்துல டீச்சருக்கு, நர்சம்மாவுக்கு, கரண்டு ஆபீசுக்கு, யாருக்கு நன்றி சொல்லணும்னாலும் ஐப்பசி வந்துட்டா வெடிதான். பஸ்ல வெடி ஏத்தக்கூடாதுன்னு எழுதிப் போட்டிருக்கு. பையை முந்தானைக்குள்ள விட்டுக்கிட்டு ஓசி டிக்கெட்டை வாங்கிக்கிட்டு ஜன்னலோரம் ஒதுங்கிட்டேன். தப்புதான். ஆனா அன்னைக்குத் தோணல.

பத்து இருபதுக்கு கோர்ட்டு வாசல். இன்னும் பத்து நிமிசம் இருக்கு, ஜெயிச்சிட்டேன்னு உள்ள காலை வைக்கப் போறேன், பொம்பளை போலீசு தடுத்தாக.

"பையைத் திறங்க."

திறந்தேன். அந்தம்மா ரெண்டடி பின்னால போயிட்டாக.

"ஏம்மா! கோர்ட்டுக்குள்ள வெடியக் கொண்டு வர்றீகளே, அறிவிருக்கா?"

"வெடியில்லக்கா, மத்தாப்பு! அம்மாவுக்குக் குடுக்க!"

"எந்த அம்மாவுக்கு?"

"சமரசம் பேசுற அம்மாவுக்கு!"

சுத்தி நின்ன வக்கீலுக எல்லாரும் சிரிக்காக. எனக்கு மானம் போகுது, மணியும் போகுது. வெளிய வச்சிட்டு வாங்கன்னு அந்தம்மா சொல்லுறாக. எங்க வைக்க? ரோட்டுல வைக்கிற சாமானா அது? டீக்கடைக்காரரு அடுப்பு எரியுதும்மான்னு கையெடுத்துக் கும்பிட்டுட்டாரு. பத்து இருபத்தாறு.

அப்பத்தான் பின்னாலருந்து ஒரு கை வந்து பையை வாங்குச்சு. திரும்பிப் பாத்தா எங்க வீட்டுக்காரரு. எட்டு மாசம் கழிச்சுப் பாக்கேன், இளைச்சிருந்தாரு.

"உனக்குக் கூறே வராதா?"ன்னாரு மொத வார்த்தையா.

"எனக்கா கூறில்ல? உங்களுக்கு—"

"சண்டையப் பெறகு போடுவோம். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் லைசன்ஸ் வாங்குன வெடிக்கடை இருக்கு, அங்க குடுத்து வச்சிட்டு வாரேன். நீ உள்ள போய்க் கையெழுத்துப் போடு. போ!"

பையை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு வேகமாப் போயிட்டாரு. நான் உள்ள ஓடுனேன். பத்து இருபத்தொன்பதுக்கு ரிஜிஸ்தர்ல என் பேரைப் போட்டேன். சிரிப்பு வருது, வந்துட்டேன்டா சாமின்னு சத்தம் போட்டுச் சொல்லணும்போல இருந்துச்சு.

உள்ள சின்ன ரூம். ஒரு வட்ட மேஜை, மூணு நாற்காலி, ஒரு சொம்புத் தண்ணி. சமரச வக்கீலு அருணாதேவி அம்மா. நம்ம வயசுதான் இருக்கும், கண்ணாடி போட்டிருந்தாக. இங்க யாரும் ஜெயிக்கிறதுமில்ல தோக்குறதுமில்ல, பேசுறது எதுவும் வெளிய போகாதுன்னு சொன்னாக. பத்தரை ஆச்சு. பத்து நாற்பது ஆச்சு. மூணாவது நாற்காலி காலியாக் கிடக்கு.

"அவரு வரட்டும்"னாக.

"அவரு வந்த மாதிரிதான்! பாத்தீகளா, பையை வாங்கிட்டு நல்ல சாக்குன்னு ஓடிட்டாரு. இதுக்குத்தாம்மா நான் மாசம் ஒருநாளுக்கு மேல பிள்ளைய அனுப்ப மாட்டேன்னு எழுதிக் குடுத்தேன். அவரு வாராவாரம் கேக்காரு. சனிக்கிழமை வாரேன்னு சொல்லுவாரு, பிள்ளை பையைக் கட்டிக்கிட்டு பஸ் ஸ்டாப்புல நிக்கும். லோடு வந்திருச்சுன்னு இந்த மனுசன் வர மாட்டாரு. அது அழுகுறத நான்தான பாக்கணும்?"

"சொன்ன நாளைக்கு வர மாட்டாருங்கிறீங்க."

"வரவே மாட்டாரு."

அந்தம்மா பைலைத் திறந்து என் பக்கம் திருப்பி வச்சாக. மொத நாளு வருகைத் தாளு. ரெண்டாவது நாளு வருகைத் தாளு. ரெண்டுலயும் என் பேருக்கு நேரா வெறும் கோடு. அவரு பேருக்கு நேரா கோணல் மாணலா கையெழுத்து. பக்கத்துல மணி போட்டிருந்துச்சு. பத்து பதினஞ்சு. பத்து பத்து.

"ரெண்டு நாளும் வந்தாரும்மா. உங்களுக்காகச் சாயங்காலம் வரைக்கும் வெளிய பெஞ்சுல உக்காந்திருந்தாரு."

நானா தோக்குறவ? "ரெண்டு நாள் வந்தா ஆச்சா"ன்னு முனகுனேன். ஆனா சத்தம் எறங்கிப் போச்சு.

அப்பக் கதவைத் தள்ளிக்கிட்டு அவரு வந்தாரு. மேல் மூச்சு கீழ் மூச்சு வாங்குது. ஒரு கடைச் சீட்டை மேஜையில என் முன்னால வச்சாரு. "சாயங்காலம் இதக் காட்டி வாங்கிக்கோ." வச்ச கையை நான் பாத்தேன். லோடுமேன் கை. அதுல மிளகாத் தும்பு இருக்கும், சாக்குத் தூசி இருக்கும். பதினோரு வருசம் பாத்த கையாச்சே. அன்னைக்கு நகக்கண்ணு பூராம் வெள்ளையாக் காஞ்சு பொருக்குத் தட்டி இருந்துச்சு. எனக்குத் தெரியாததா அது? என் நகத்துலயும் அதேதான். மைதாப் பசை.

நான் பாக்குறதைப் பாத்துட்டு அவரு கையை மேஜைக்குக் கீழ இழுத்துக்கிட்டாரு.

எனக்குக் காலையில அவுந்த கட்டு ஞாபகம் வந்துச்சு. ஒரே இழுப்புல அவுறுற முடிச்சு. லாரிக்காரன் போடுற முடிச்சு அது. ஊரு போய்ச் சேர்ந்ததும் ஒரு இழுப்புல தார்ப்பாயை அவுக்கணும்ல, அதுக்குப் போடுறது. கல்யாணம் ஆன புதுசுல எங்கூட உக்காந்து பெட்டி ஒட்டும்போதும் அப்படித்தான் கட்டுவாரு. நான் வைவேன். மதினி ஏன் திருப்பி வையலைன்னு அப்பத்தான் புரிஞ்சது.

"மதினி வீட்டுக்கு வந்தீகளா?"

அவரு மறு கையால சொம்பை எடுத்துத் தண்ணி குடிச்சாரு.

"கேக்கேன்ல? அந்த எட்டுக் கட்டு நீங்க ஒட்டுனதா?"

"ரெண்டு சாயங்காலம் வந்தேன். உங்கிட்டச் சொன்னா நீ அதைத் தொட மாட்டேன்னு அக்காதான் சொல்ல வேண்டாம்னுச்சு." பெறகு கேட்டாரு, "கட்டு நின்னுச்சா?"

"ஒண்ணு அவுந்திருச்சு."

"மத்த ஏழு?"

"நின்னுச்சு."

அவரு முகத்துல ஒரு பெருமை வந்துச்சு பாருங்க, சிரிக்கவா அழுகவான்னு இருந்துச்சு எனக்கு. அருணாதேவி அம்மாவுக்கு ஒண்ணும் விளங்கல. எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்தாக.

"எனக்காகவா ஒட்டுனீக?"ன்னு கேட்டுட்டேன். கேட்டிருக்கக் கூடாது. ஆனா கேட்டுட்டேன்.

"உனக்காக இல்ல"ன்னாரு. கோவமாச் சொல்லல, உள்ளதைச் சொன்னாரு. "நீ வந்து இங்கன உக்காந்தாத்தான் எம்பிள்ளையப் பாக்க எனக்கு நாள் குறிச்சுத் தருவாக. உன்னைய மாத்த முடியாது. உன் இருபது கட்டைக் குறைக்கலாம்ல."

பதினோரு வருசத்துல மொத வாட்டியா எனக்கு எதிர்ப்பேச்சு வரல. தேடிப் பாத்தேன், இல்ல. அந்தப் பேச்சுல எனக்குன்னு ஒண்ணுமே இல்லை. அதனாலதான் அது என்னைய அம்புட்டு ஆட்டிருச்சு. இந்த மனுசனோட ஒரு வீட்டுல இருக்க முடியாதுன்னு எனக்கு அப்பவும் தெரியும். ஆனா சினேகாவுக்கு இவரைவிட நல்ல ஒரு அப்பன் கிடைக்க மாட்டாருங்கிறதும் அந்த நாற்காலியில வச்சுத்தான் தெரிஞ்சது.

"அம்மா"ன்னேன், "அந்த மாசம் ஒருநாளை அடிச்சிருங்க. வாராவாரம்னு எழுதுங்க. சனிக்கிழமை அஞ்சு மணிக்குக் கூட்டிக்கிட்டுப் போகட்டும், ஞாயித்துக்கிழமை ஆறு மணிக்கு விடட்டும்."

அவரு தலையைத் தூக்கவே இல்ல. பசை புடிச்ச கையால கண்ணைத் தொடச்சாரு.

பெறகு எல்லாம் மளமளன்னு ஓடிச்சு. பிள்ளை செலவுக்கு மாசம் நாலாயிரம்னு அவரே சொன்னாரு. வீட்டுச் சாமான் எங்கிட்டயே இருக்கட்டும்னாரு. பிள்ளை முன்னால போன்ல சண்டை போடக்கூடாதுன்னு அந்தம்மா ஒரு வரி போட்டாக. தீபாவளிக்குப் பிள்ளை யாருகிட்டங்கிறதுல வந்து மறுபடி மாட்டிக்கிட்டோம்.

"தீபாவளிக்கு எங்கிட்ட"ன்னாரு.

"எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டத் தெரியுமா உங்களுக்கு? கண்ணுல சீயக்காய விட்டு அழ வைப்பீக."

"ஒரு வாட்டிதான பட்டுச்சு, அதை இன்னும்—"

"ஒரு வாட்டியா? மூணு வாட்டி!"

அருணாதேவி அம்மா பேனாவால மேஜையில தட்டுனாக. "காலையில அம்மா, மத்தியானத்துக்கு மேல அப்பா. சரியா?" சரின்னோம். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல சொன்னோம். அந்தம்மா சிரிச்சிட்டாக.

கையெழுத்துப் போட்டோம். இதைக் கோர்ட்டுல குடுத்தா அவுக இதை வச்சே முடிச்சு உத்தரவு போடுவாகன்னு சொன்னாக. நான் இடுப்புப் பர்ஸுல கையை விட்டேன். "இதுக்கு எம்புட்டும்மா?"

"ஒண்ணும் கிடையாது. எனக்குத் தர வேண்டியதைச் சமரச மையத்துல தந்திருவாங்க. அந்த வெடிப் பெட்டியையும் எனக்குக் கொண்டாராதீங்க. பஸ்ல வேற கொண்டாந்தீங்களா? நல்ல ஆளும்மா நீங்க!"

வெளிய வந்தா மணி ஒண்ணு. வெயில் சுள்ளுன்னு அடிக்குது. எனக்கு என்னவோ அம்புட்டு இலேசா இருந்துச்சு. லோடு இறங்குன லாரி மாதிரி. அவரு சாத்தூரு பஸ்ஸுக்கு, நான் ஆமத்தூரு பஸ்ஸுக்கு. "சாப்பிட்டீகளா?"ன்னு கேட்டேன். "சாப்பிட்டுக்கிடுதேன்"னாரு. கைப்பையிலருந்து ஒரு சேவுப் பொட்டலத்தை எடுத்துக் குடுத்தாரு. "சினேகாவுக்கு. சூடாப் போட்டது." நூலைப் பாத்தேன். அதே முடிச்சு.

பள்ளிக்கூடம் விட்டுச் சினேகா வந்தா. வாசல்லயே பையைப் போட்டுட்டு என் முகத்தை உத்துப் பாத்தா. பிள்ளைகளுக்கு எல்லாம் தெரிஞ்சுபோகுது.

"சண்டை போட்டீகளாம்மா?"

"தீபாவளிக்கு மட்டும் கொஞ்சம் போட்டோம்."

"அப்பா வந்தாரா?"

"எனக்கு முன்னாடியே வந்திருக்காரு." இனி வாராவாரம் சனிக்கிழமை அஞ்சு மணிக்கு அப்பா வந்து கூட்டிக்கிட்டுப் போவாருன்னு சொல்லிப் பொட்டலத்தைக் கையில குடுத்தேன். நூல் நுனியைப் புடிச்சு அவ ஒரு இழுப்பு இழுத்தா, திறந்துகிச்சு. ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கிட்டு, மென்னுக்கிட்டே கேட்டா, "சனிக்கிழமை கூட்டிக்கிட்டுப் போக நெசமா வருவாரா?"

இந்தப் பதினோரு வருசமா எங்கம்மாகிட்ட, அவுக அம்மாகிட்ட, மதினிகிட்ட, கோர்ட்டுல, அன்னைக்குக் காலையில வரைக்கும், யாரு கேட்டாலும் அவரு வர மாட்டாருன்னு சொன்ன வாயி இது.

"வருவாருடி"ன்னேன். "அஞ்சு மணின்னா நாலே முக்காலுக்கே வந்து நிப்பாரு. நீதான் லேட்டாக்கி அவரை நிக்க வச்சிராத."